கழற்ற வராத ஸ்லைடு ஸ்டாப் ஆணி: சி.இசட். 75 பி வைத்திருப்பவர்களின் ஆலோசனை தேவை

கேட்பவர்: செம்பனைக்காட்டான், சுங்கை சிப்புட், மலேசியா

அனைவருக்கும் வணக்கம். நான் தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்ப்பவன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஈப்போ பக்கம் சென்று குறிசுடும் பயிற்சியில் கலந்துகொள்கிறேன். எங்கள் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் கண்பார்வை குறைந்து விளையாட்டிலிருந்து ஒதுங்கியபோது, அவரிடமிருந்த சி.இசட். 75 பி கைத்துப்பாக்கியைக் காவல்துறையின் அனுமதியோடு என் லைசன்ஸில் மாற்றி வாங்கிக்கொண்டேன். வாங்கிய நாள் முதல் குழலுக்குள் துணிக்கயிற்றை இழுத்துத் துடைத்து, மேலே எண்ணெய் பூசி வைத்ததோடு சரி. ஒரு முறைகூட ஸ்லைடை, அதாவது குழலை மூடி முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதியை, கழற்றியதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற வாரம் பயிற்சியின்போது நல்ல மழை பிடித்துக்கொண்டது. வீடு திரும்பியதும், இந்த முறையாவது முழுமையாகப் பிரித்துத் துடைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். மேகசினை (தோட்டாக் கூட்டை) எடுத்துவிட்டேன், குழலின் தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் சோதித்தேன், தோட்டாக்களைப் பக்கத்து அறையில் பூட்டி வைத்தேன். கையேட்டில் சொல்லியிருப்பதுபோல், ஸ்லைடைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இடப்பக்கத்தின் பின்கோடியில் ஸ்லைடிலும் சட்டத்திலும் (கைப்பிடியோடு கூடிய அடிப்பகுதியிலும்) உள்ள இரண்டு சிறு கோடுகளை ஒன்றுக்கொன்று நேராக நிறுத்தி, வலப்பக்கம் தெரியும் ஸ்லைடு ஸ்டாப் ஆணியின் நுனியை இடப்பக்கமாக அழுத்தினேன். அது அசையவே இல்லை. காலி மேகசினின் அடித்தட்டால் தட்டிப் பார்த்தேன். திருப்புளியின் மரப்பிடியால் சற்று வேகமாகவும் தட்டினேன். இரவு முழுக்க டபிள்யூ.டி.-40 ஊற்றி ஊறவிட்டுக் காலையில் மறுபடியும் முயன்றேன். ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

எங்கள் தோட்டத்து ஆலையின் பட்டறையில் கைப்பிடி வைத்த அழுத்துப் பொறி ஒன்று இருக்கிறது. அங்கே கொண்டுபோய் மெதுவாக அழுத்தினால் வந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா, அதற்கு முன் நான் பார்க்கத் தவறியது ஏதேனும் உண்டா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில்: பத்துமீட்டர்

வணக்கம் சகோதரரே. அழுத்துப் பொறியை மறந்துவிடுங்கள். இந்தத் துப்பாக்கியில் அந்த ஆணியைப் பிடித்திருப்பது எது என்று புரிந்துகொண்டால், எவ்வளவு பலம் தேவை, எந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கொவுட்ஸ்கி சகோதரர்கள் 1975இல் வடிவமைத்த சி.இசட். 75இன் வழிவந்த இந்தத் துப்பாக்கியில், ஸ்லைடு ஸ்டாப் என்பது இடப்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டும் நெம்பும் (லீவரும்) அதோடு ஒரே உடலாகச் சேர்ந்த குறுக்குத் தண்டும் ஆகும். இந்தத் தண்டு சட்டத்தின் இடச்சுவரில் நுழைந்து, குழலின் அடியில் தொங்கும் தடித்த காதில் வெட்டப்பட்ட துளையைக் கடந்து, சட்டத்தின் வலச்சுவரில் வெளிப்படுகிறது. சுடும்போது குழலின் பின்பகுதி கீழே இறங்குவதும், மறுபடி மேலேறிப் பூட்டிக்கொள்வதும் இந்தத் தண்டின்மேல் அந்தத் துளை சறுக்குவதால்தான். ஆகவே ஒவ்வொரு தோட்டாவுக்கும் அடி வாங்குகிற உறுப்பு இது. சட்டத்துக்குள் இருக்கும் ஒரு சிறு வில்லும் (ஸ்பிரிங்கும்) அதைத் தானாக நழுவிவிடாதபடி பிடித்துக்கொள்கிறது. புதிய துப்பாக்கிகளில் இந்த வில்லின் பிடியே கட்டைவிரலுக்கு அடங்காத அளவு இறுக்கமாக இருக்கும். அதனால்தான் மேகசினின் அடித்தட்டால் தட்டும் வழக்கமே வந்தது. ஆனால் பல ஆண்டுகள் பயன்பட்ட துப்பாக்கியில், தட்டியும் வரவில்லை என்றால் வேறு ஏதோ தடுக்கிறது என்று பொருள்.

முதலில் கோடுகளைப் பற்றிக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளிய கையே ஆணியையும் அழுத்தினால், அழுத்தும் நொடியில் ஸ்லைடு ஒரு மில்லிமீட்டர் முன்னே நழுவிவிடும். கோடு நேராக இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். நெம்போ ஸ்லைடின் உள்விளிம்பில் மாட்டிக்கொண்டு நிற்கும். துப்பாக்கியின் பின்கோடியில் உள்ள சுத்தியலை (ஹேமரை) முதலில் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால் ஸ்லைடு அதைத் தள்ள வேண்டிய பாரம் குறையும். பிறகு இடக்கையால் ஸ்லைடையும் சட்டத்தையும் சேர்த்து மேலிருந்து வளைத்துப் பிடித்து, கோடுகள் நேராக நிற்கும்படி வைத்துக்கொண்டு, வலக்கையை ஆணிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. என் வீட்டில் இது என் மகளின் வேலை. கோடு விலகினால் "அப்பா, ஓடுது" என்பாள்.

அது சரியாகத்தான் இருக்கிறது என்றால், தட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். ஆணியின் வலப்பக்க நுனியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். துணையாக ஒருவர் ஸ்லைடை முழுவதுமாகப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருக்க, நீங்கள் இடப்பக்கத்து நெம்பை மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். நெம்பு அசையும்போது வலப்பக்கத்துக் கோடும் கூடவே திரும்பினால் தண்டு முழுதாக இருக்கிறது, துளைக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளவும் இல்லை. நெம்பு மட்டும் அசைந்து வலப்பக்க நுனி அசையாமல் நின்றால், தண்டு நடுவில் முறிந்திருக்கிறது. நிறையச் சுடும் போட்டியாளர்கள் இந்தத் துப்பாக்கிக்கு ஒரு மாற்று ஸ்லைடு ஸ்டாப்பைப் பையிலேயே வைத்திருப்பது இந்த முறிவுக்கு அஞ்சித்தான். இரண்டுமே அசையவில்லை என்றால் துருவோ, காய்ந்து பிசினாகிப்போன பழைய எண்ணெயோ காரணம்.

விடையைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். அதுவரை ஒரு தட்டுகூட வேண்டாம்.


பதில்: வழக்குமன்றத்து வாசல்

இயந்திர விஷயம் எனக்குத் தெரியாது. கேள்வியின் கடைசிப் பத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லைசன்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது, ஆலைப் பட்டறையின் பெயரில் இல்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட உரிமத்தோடு வைத்திருக்கும் கைத்துப்பாக்கியை, ஷிப்டு மாறும் நேரத்தில் பத்துப் பேர் நடமாடும் இடத்துக்கு எடுத்துச் சென்று, உரிமம் இல்லாத ஒருவர் கையில் கொடுத்து அழுத்தச் சொல்வது, நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், விளக்கம் சொல்லி முடியாத காரியமாகிவிடும். நம் நாட்டில் 1971ஆம் ஆண்டின் சுடுகருவிச் சட்டம் எவ்வளவு கடுமையானது என்பது நீங்கள் அறிந்ததுதான். வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். முடியாததை உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடம் கொண்டு செல்லுங்கள். மாற்று உறுப்பு தேவைப்பட்டாலும் அவர் வழியாகவே கேளுங்கள். இணையத்தில் பார்த்துத் தபாலில் வரவழைக்கும் எண்ணம் வேண்டாம்.


கேட்டவர்: செம்பனைக்காட்டான்

இருவருக்கும் நன்றி. பட்டறை யோசனையைக் கைவிட்டுவிட்டேன், நண்பரிடமும் சொல்லிவிட்டேன்.

நேற்றிரவு சோதனையைச் செய்தேன். மனைவி ஸ்லைடை இழுத்துப் பிடிக்கச் சற்று நேரம் பிடித்தது, வில் அத்தனை விறைப்பு. நெம்பை அசைத்தபோது வலப்பக்கத்தில் போட்ட கோடும் கூடவே திரும்பியது, தடையே இல்லை. ஆகத் தண்டு முறியவும் இல்லை, துருவாலும் பிடிக்கவில்லை. கோடுகளை அவரைப் பார்க்கச் சொல்லி மறுபடி அழுத்தினேன். ஒரு செய்தி மட்டும் புதிதாகத் தெரிந்தது: ஆணி இடப்பக்கமாக ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நகர்ந்து, பின் எதிலோ முட்டி நிற்கிறது. முன்பு அது நகரவே இல்லை என்று எழுதியது என் அவசரம். எது முட்டுகிறது என்பதுதான் விளங்கவில்லை.


பதில்: பழைய போர்மன்

தம்பி, நான் துப்பாக்கிக்காரன் அல்லன். முப்பத்தோரு ஆண்டுகள் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் பிட்டராகவும் பிறகு போர்மனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். என் கையில் வராத ஆணிகளின் கணக்கு எனக்கே தெரியாது. "சுகமாகச் சுழல்கிறது, ஆனால் வெளியே வர மறுக்கிறது, அரை மில்லிமீட்டர் வந்து முட்டுகிறது" என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடனே எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: வலப்பக்க நுனி காளான் பூத்திருக்கும்.

பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர்கள் ஓட்டிய பழைய சைக்கிளின் காட்டர் பின்னை, மிதிகட்டைத் தண்டை அச்சோடு இறுக்கும் ஆப்பு ஆணியை, நினைத்துக்கொள்ளுங்கள். மிதிகட்டை ஆடுகிறது என்று நட்டைக் கழற்றிவிட்டு, கையில் கிடைத்த இரும்புச் சுத்தியலால் பின்னின் நுனியில் நேராகப் போடுவார்கள். முதல் அடியிலேயே வந்துவிட்டால் பிழைத்தது. வராவிட்டால் இரண்டாவது, மூன்றாவது அடியில் நுனி நசுங்கி, ஓரம் குடைபோல் விரிந்துவிடும். அதற்கு மேல் எத்தனை அடி போட்டாலும் அந்தப் பின் துளைக்குள் நுழையாது, ஏனென்றால் தலை துளையைவிடப் பெரிதாகிவிட்டது. அடிக்க அடிக்க இன்னும் விரியும். சைக்கிள் கடைக்காரர் அதைப் பார்த்ததும் முதலில் எடுப்பது சுத்தியலை அன்று, அரத்தை.

உங்கள் துப்பாக்கியை முன்பு வைத்திருந்த பெரியவரோ அவருக்கும் முன்னால் வைத்திருந்தவரோ, புதிதில் இருந்த இறுக்கத்தைப் பார்த்து, மேகசினுக்குப் பதிலாக இரும்பால் தட்டியிருக்கலாம். ஆணி சட்டத்தின் வலப்பக்கத்தில் ஒரு துளி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, விரிந்த விளிம்பு அங்கேதான் இருக்கும். நல்ல வெளிச்சத்தில், ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். நுனி பளபளவென்று தட்டையாகவும், ஓரத்தில் மெல்லிய உதடுபோலவும் தெரியும். கண்ணுக்குத் தெரியாவிட்டால், சட்டத்தின் மேற்பரப்பிலிருந்து ஆணியின் பக்கமாக நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். ஆணியின் பக்கவாட்டில் நகம் உள்ளே மடங்கி உதட்டின் அடியில் மாட்டினால் சந்தேகமே வேண்டாம்.

உதடு இருந்தால் செய்ய வேண்டியது இது. ஆணியைச் சுற்றிச் சட்டத்தின்மேல் இரண்டு மூன்று அடுக்குக் காகித ஒட்டுநாடாவை ஒட்டி, நடுவில் ஆணி மட்டும் தெரியும்படி வெட்டிவிடுங்கள். நகைத் தொழிலாளர்கள் பயன்படுத்தும் ஊசி அரத்தில் மிக நயமான பல் உள்ளதை எடுத்து, ஓரத்தை மட்டும், நுனியை நோக்கிச் சாய்வாக, சுற்றிச் சுற்றித் தேயுங்கள். சட்டத்தில் அரம் படவே கூடாது. ஆணி கெட்டால் புதிதாகப் போடலாம், துளை கெட்டால் துப்பாக்கியே கெட்டது. ஐந்தாறு இழுப்புக்கு ஒரு முறை நிறுத்தி, இரும்புத் தூளை எண்ணெய்த் துணியால் ஒற்றி எடுங்கள். ஊத வேண்டாம், ஊதினால் உள்ளே போகும். ஓரம் சாய்ந்துவிட்டது என்று தெரிந்ததும், துப்பாக்கியின் இடப்பக்கம் கீழே வரும்படி ஒரு மரக்கட்டையின்மேல் பழைய துண்டை விரித்துப் படுக்க வையுங்கள். நெம்புக்கு நேர் கீழே கட்டையில் குழி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆணி வெளியே வர இடமில்லாமல் நெம்பு கட்டையில் முட்டிக்கொள்ளும். இதை மறந்துவிட்டு அரை நாள் அடித்துக்கொண்டிருந்த ஆள்களை நான் பார்த்திருக்கிறேன், அதில் நானும் ஒருவன். தட்டுவதற்குப் பித்தளைத் துண்டோ நைலான் துண்டோ போதும். அதன் தடிமன் ஆணியைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். இந்த முறை பலம் தேவைப்படாது. தேவைப்பட்டால் மறுபடி அரத்துக்கே திரும்புங்கள். வெப்பம் காட்டுவது, சூட்டு விளக்கைப் பிடிப்பது எல்லாம் ஆலைச் சங்கிலிக்குத்தான். பதப்படுத்திய எஃகுக்கு வேண்டாம்.

கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். உள்ளே வில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சுங்கை சிப்புட் என்று பார்த்ததும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1948 ஜூன் 16இல் உங்கள் ஊர்த் தோட்டங்களில் மூன்று துரைமார் (வெள்ளைக்கார மேனேஜர்கள்) சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் தொடங்கியதை அறிந்திருப்பீர்கள். அதன் பிறகு மேனேஜர்கள் இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் வெள்ளாமைக் காட்டுக்குள் இறங்கியதில்லை. என் தந்தை அப்போது ஒரு பங்களாவில் வேலை செய்தார். துரை தினமும் மாலையில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து துப்பாக்கியைப் பிரித்துத் துடைப்பாராம். ஒரு நாள் விட்டாலும் வியர்வை பட்ட இடத்தில் மறுநாள் செம்பூச்சு தெரியும் என்பாராம். நம் ஊர்க் காற்று அன்றும் இதுதான்.


கேட்டவர்: செம்பனைக்காட்டான்

ஐயா, உங்கள் கணிப்பு அப்படியே சரி. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது நுனியில் மூன்று தட்டையான அடித்தடங்களும், கீழ்ப்பக்கமாக ஒரு மெல்லிய உதடும் தெளிவாகத் தெரிந்தன. மரப்பிடியால் நான் தட்டிய தடம் அப்படி இருக்காது. அவை பழையவை, அவற்றின் பள்ளத்தில் கரியே படிந்திருந்தது. ஆனாலும் என் பங்குக்கு நானும் அதை இன்னும் கொஞ்சம் விரித்திருப்பேன் என்பதில் ஐயமில்லை.

ஊசி அரம் இங்கே பாசாரில் நகைப்பட்டறை வைத்திருக்கும் உறவினரிடம் கிடைத்தது. இருபது நிமிடம் போலத் தேய்த்திருப்பேன், பெரும்பாலும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம். கட்டையில் குழி தோண்டாமல் இரண்டு துண்டு மரங்களை இடைவெளிவிட்டு வைத்துக்கொண்டேன். பித்தளைத் துண்டு கிடைக்கவில்லை. பழைய பூட்டின் பித்தளைச் சாவியின் காம்பை வெட்டி எடுத்துக்கொண்டேன். இரண்டே தட்டு, ஆணி கட்டையின் இடைவெளிக்குள் டக்கென்று விழுந்துவிட்டது. ஸ்லைடை மனைவி பிடித்திருந்ததால் வில் எங்கும் பறக்கவில்லை.

உள்ளே இருந்ததைச் சொன்னால் திட்டுவீர்கள். சட்டத்தின் தடங்களில் எண்ணெயும் கரியும் சேர்ந்து தார்போல இருந்தது. குழலின் காதுக்கு அடியில் இலேசான செந்துருவும் இருந்தது. எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டேன். இப்போது என் கேள்வி: நுனியைத் தேய்த்துச் சரிசெய்த இதே ஸ்லைடு ஸ்டாப்பை மறுபடி போட்டுச் சுடலாமா? தண்டின் நடுப்பகுதியில், குழலின் காது உரசும் இடத்தில், நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு கோடு இருக்கிறது.


பதில்: பத்துமீட்டர்

போர்மன் ஐயாவின் கண்ணுக்கு என் வணக்கம். முறிவு, துரு என்ற இரண்டு பக்கமே என் எண்ணம் ஓடியது. நுனி விரிந்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நகத்துக்குத் தட்டுப்படும் கோடு இருக்கிறது என்றால் அதைச் சுட வேண்டாம். குழலின் காது உரசுவதால் ஏற்படும் தேய்மானம் வழவழப்பான பளபளப்பாகத்தான் தெரிய வேண்டும். குறுக்கே ஓடும் கோடு விரிசலின் தொடக்கமாக இருக்கலாம். இந்த உறுப்பு முறிவது பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். முறிந்தால் துப்பாக்கி வெடித்துவிடாது, ஆனால் ஸ்லைடு பாதியில் நின்றுவிடும், துண்டைச் சட்டத்திலிருந்து எடுப்பது இப்போது பட்ட பாட்டைவிடப் பெரும்பாடாகும். நுனி நசுங்கும் அளவுக்கு அடி வாங்கிய தண்டு வளைந்தும் இருக்கலாம். கண்ணாடித் தட்டின்மேல் உருட்ட நெம்பு விடாது என்பதால், ஒரு நேர்விளிம்பை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள்.

புதிய ஸ்லைடு ஸ்டாப்பை வணிகரிடம் சொல்லி வாங்குங்கள். உங்கள் லைசன்ஸையும் பழைய உறுப்பையும் எடுத்துச் செல்லுங்கள். 75 பி என்பதை மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் அதே குடும்பத்தில் ஒன்றுபோலத் தோன்றும் வேறு மாதிரிகளும் இருக்கின்றன. போட்ட பிறகு, தோட்டா இல்லாமல், காலி மேகசினை வைத்து ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தால் அது பின்னாலேயே நிற்க வேண்டும்; நெம்பை அழுத்தினால் தடையின்றி முன்னே வர வேண்டும். இவை இரண்டும் பத்து முறை சரியாக நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மைதானத்துக்குப் போக வேண்டும்.

துருவைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. டபிள்யூ.டி.-40 என்ற பெயரே நீரை விரட்டும் கலவையின் நாற்பதாவது முயற்சி என்பதிலிருந்து வந்தது. நனைந்ததை உலர்த்தவும் ஒட்டியதை இளக்கவும் அது நல்லது, மாதக்கணக்கில் காக்கும் எண்ணெயாக அதை நம்பக் கூடாது. துடைத்து முடித்ததும் துப்பாக்கிக்கு உரிய எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுங்கள். ஆணிக்கு ஒரே ஒரு சொட்டு போதும். பஞ்சு வைத்த பெட்டியிலும் தோல் உறையிலும் வைத்துப் பூட்டாதீர்கள், இரண்டும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரும்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு, நிறம் மாறும்போது மாற்றுங்கள்.


கேட்டவர்: செம்பனைக்காட்டான்

நேர்விளிம்பை வைத்துப் பார்த்தேன்; நடுவில் வெளிச்சம் ஒரு மயிரளவு தெரிகிறது. வளைந்துதான் இருக்கிறது. வணிகரிடம் தொலைபேசியில் பேசினேன், வரவழைக்கச் சில வாரங்கள் ஆகும் என்றார். அதுவரை துப்பாக்கி பிரித்தபடியே, எண்ணெய் பூசி, பெட்டிக்குள் இருக்கும். பழைய பெரியவரைச் சனிக்கிழமை கோயிலில் பார்த்தேன். எதில் தட்டினீர்கள் என்று கேட்டதற்கு, "தேங்காய் உடைக்கிற சுத்தியல்தான், வேறென்ன?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.